தலைசிறந்த ஆட்டக்காரர் யார்?

கால்பந்தாட்டத்தில் பற்றுடையோர் கூடும் இடமெல்லாம் ஒரு வினா தவறாது எழும். ‘உலகம் கண்ட ஆட்டக்காரருள் தலைசிறந்தவர் யார்?’ என்பதே அது. முதியோர் பிரேசில் நாட்டுப் பெலேயைக் கூறுவர். அவரினும் இளையோர் அர்ஜென்டினாவின் மாரடோனாவைப் போற்றுவர். இன்றைய இளைஞரோ அந்நாட்டு மெஸ்ஸியே ஈடிலாதவர் என்பர். வாதம் வளருமேயன்றி முடிவுறாது. இதற்குக் காரணம் யாது?

2000-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று இதனை விளக்கும். அவ்வாண்டு உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு, இருபதாம் நூற்றாண்டின் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க முற்பட்டது. இணையத்தின் வழியாக வாக்களித்த மக்கள் மாரடோனாவுக்கு முதலிடம் தந்தனர். கூட்டமைப்பின் வல்லுநர் குழுவோ பெலேயைத் தேர்ந்தது. ஈற்றில் இருவருமே சிறப்பிக்கப்பட்டனர்.

கண்ணால் கண்டதையே மனம் பெரிதெனக் கொள்ளும். 1986-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் மாரடோனா, தம் அணியின் பாதிக் களத்திலிருந்தே பந்தை உருட்டிச் சென்று, இங்கிலாந்து வீரர் பலரைக் கடந்து கோல் அடித்தார். அக்காட்சியைத் தொலைக்காட்சி உலகெங்கும் காட்டிற்று. பெலேயோ, 1959-இல் சாவோ பாலோ நகரில் தாம் அடித்த கோல் ஒன்றையே தம் கோல்களுள் மிக அழகியதாகக் கருதினார். அதனைப் படம் பிடித்தவர் எவரும் இலர்.

ஆட்ட விதிகளும் காலந்தோறும் மாறி வந்துள்ளன. 1966-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் போர்ச்சுகல் வீரர்கள் பெலேயைப் பலமுறை முரட்டுத்தனமாகத் தாக்கினர். காயமுற்ற வீரருக்கு மாற்றாக வேறொருவரை இறக்க அந்நாளில் விதி இடந்தரவில்லை. ஆதலின் அவர் நொண்டியவாறே களத்தில் நின்றார். பிரேசில் தோற்று வெளியேறியது. மாற்று வீரர் முறையும், மஞ்சள், சிவப்பு அட்டைகளும் 1970-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில்தான் நடைமுறைக்கு வந்தன.

விருதுகளை எண்ணிப் பார்ப்பதும் போதாது. 1956 முதல் ஐரோப்பாவில் வழங்கப்பெறும் தங்கப்பந்து விருதை மெஸ்ஸி எட்டு முறை வென்றார். 1977-இல் ஓய்வுபெற்ற பெலே, ஆடிய நாளில் ஒரு முறையேனும் அதனை வென்றிலர். அவர்பால் திறமை குறைந்ததன்று காரணம். 1994 வரை ஐரோப்பிய நாட்டவர்க்கே அவ்விருது உரியதாய் இருந்தது.

அங்ஙனமாயின், பழையவரே சிறந்தவர் எனத் துணியலாமோ? அதுவும் நேர்மையன்று. இன்றைய வீரரின் ஒவ்வோர் அசைவையும் எதிரணியினர் படங்களில் முன்னரே ஆராய்ந்து, அவரைத் தடுக்கும் வழி வகுத்த பின்னரே களம் இறங்குகின்றனர். அத்தடைகளையும் மீறி, 2022-ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில், தம் முப்பத்தைந்தாம் வயதில், பிரான்சுக்கு எதிராக மெஸ்ஸி இரு கோல்கள் அடித்தார்.

ஆகவே, ஒருவரை அளக்க முற்படுவோர் முதலில் அளவுகோலைக் கூறல் வேண்டும். வென்ற உலகக் கோப்பைகளே அளவெனின், மூன்று முறை வென்ற பெலேக்கு நிகராவார் இலர். விருதுகளே அளவெனின் மெஸ்ஸி முந்துவார். ஒரே போட்டித் தொடரில் தம் அணியைத் தாங்கி உயர்த்திய ஆற்றலே அளவெனின், 1986-இன் மாரடோனா முன்நிற்பார். ஒவ்வொருவரையும் அவரவர் காலத்து வீரரோடும், விதியோடும், இடையூற்றோடும் வைத்து எடைபோடுவதே நடுவுநிலைமையாகும். தாம் காணாத ஒருவரின் பெருமையையும் ஆராய்ந்து மதிக்கும் பண்பு, ஆடுகளத்திற்கு வெளியேயும் வேண்டப்படுவதொன்றாம்.