உப்பும் சர்க்கரையும் ஜோடியா வந்தால்தான் கதவு திறக்கும்!



குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், "தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்" என்று பெரியவர்கள் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இது உயிருக்கே ஆபத்தான எண்ணம். ஏன் என்று பார்ப்போம்.

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் இதற்குள் சும்மா நுழைய முடியாது. அதற்கென்று தனித்தனி கதவுகள் உண்டு. தண்ணியோ, உப்பும் சர்க்கரையும் அதிகம் உள்ள பக்கமே போகும். ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணி விடுகிறதே, அதே கதைதான்.

குடல் செல்லின் சவ்வில் ஒரு விசேஷக் கதவு இருக்கிறது. உப்பில் உள்ள சோடியமும், சர்க்கரையில் உள்ள குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் திறக்கும். இரண்டும் உள்ளே போனால் தண்ணியும் பின்னாலேயே போய்விடும். இதை 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி எடுத்துச் சொன்னார். காலரா வந்தால்கூட இந்தக் கதவு வேலை செய்யும்!

1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கம் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்தார். 100 பேரில் சுமார் 30 பேர் இறந்த இடத்தில், சாவு 4-க்கும் கீழே இறங்கியது.

நாம் செய்ய வேண்டியது:

* ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு (பெரும்பாலும் 1 லிட்டர்) கொதித்து ஆறிய நீரில் கலக்கவும். 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தவும்.
* பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் நீருக்கு தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.
* கூடுதலாகப் போடாதீர்கள். சர்க்கரை அதிகமானால் ஊறுகாய் கதைபோல உடம்புத் தண்ணியே குடலுக்கு இழுபடும். கலர் சோடா கூடாது என்பதும் இதனால்தான்.
* கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் கழித்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.
* கிராம சுகாதார செவிலியரிடம் ஜிங்க் மாத்திரை கேளுங்கள். 14 நாள் கொடுக்க வேண்டும்.

கண் குழிவிழுந்தாலோ, குழந்தை துவண்டுபோனாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போங்கள். வழியிலும் கரைசல் கொடுத்துக்கொண்டே போங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் இந்தக் கரைசலைக் கலந்து காட்டட்டும். மற்றவர்கள் அளவு சரிதானா என்று பார்க்கட்டும். நாம் கற்றது பக்கத்து வீட்டுக்கும் போகட்டும்!