பழவேற்காட்டுப் பூநாரைக்கு எந்த கேமரா? கேனன் எஸ்எக்ஸ்70-ஆ, நிக்கான் பி950-ஆ?

ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை காலை. பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ், அப்புறம் கொஞ்சம் நடை. பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும். பூநாரைக் கூட்டம். உடனே போனை எடுத்து முழு ஜூம் வைத்துச் சுடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சேறு, தண்ணீர், நடுவில் சில வெள்ளைப் புள்ளிகள். அடுத்த வாரமே கூகுளில் தேடல் ஆரம்பிக்கிறது: "பறவை போட்டோவுக்கு நல்ல கேமரா".

தேடுபவர் முன்னால் கடைசியில் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். ஒன்று, 2018 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்70 எச்எஸ். இன்னொன்று, 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட நிக்கான் கூல்பிக்ஸ் பி950. இரண்டுமே லென்ஸைக் கழற்ற முடியாத, பெரிய ஜூம் உள்ள 'பிரிட்ஜ்' வகை கேமராக்கள். சென்சார் அளவு ஒன்றுதான். இரண்டிலும் 4கே வீடியோ உண்டு, ரா ஃபைல் உண்டு, திருப்பி மடக்கும் திரை உண்டு, ஒரே தரத்தில் எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் உண்டு. பெட்டியில் உள்ளதைப் படித்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஏரிக்கரைக்குக் கொண்டுபோனால் அப்படி இல்லை.

போன் ஏன் போதாது?

இன்றைய விலை உயர்ந்த போன்களில் வரும் 5 மடங்கு ஜூம், கேமரா உலகம் வழக்கமாகச் சொல்லும் 35 மி.மீ. கணக்கில் சுமார் 120 மி.மீ. லென்ஸுக்குச் சமம். 200 மீட்டர் தள்ளி நிற்கும் பூநாரையை எடுத்துக்கொள்வோம். உயரம் தோராயமாக 1.3 மீட்டர். போனின் அந்த லென்ஸில், படத்தின் மேலிருந்து கீழ்வரை 43 மீட்டர் காட்சி அடங்கும். பறவை அதில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. அதற்கு மேல் போடும் '100 எக்ஸ்' எல்லாம் பெரும்பாலும் படத்தை வெட்டி, இழுத்து, மென்பொருள் வைத்து மெருகேற்றும் வேலை.

சரி, கிட்டே போய் எடுக்கலாமே? இங்கேதான் பழவேற்காட்டின் நிலைமை குறுக்கே வருகிறது. ஏரி ஆழமில்லை, பல இடங்களில் முழங்கால் அளவுதான், மீதி சேறு. 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்த பிறகு, உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அதையும் மீறி யாராவது "வாங்க சார், கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று அழைத்தால் ஏறாமல் இருப்பதே நல்லது, கரைக்கு வந்து சேருவதற்காகவும் பறவைகளுக்காகவும். தமிழ்நாட்டுப் பகுதியில் சுமார் 153 சதுர கி.மீ. பறவைகள் சரணாலயம். சேற்றில் தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தைப் பறக்கவிட்டு படம் எடுத்தால், அது தின்ற தீனியை நாம் செலவழிக்க வைக்கிறோம் என்று அர்த்தம். ட்ரோன் யோசனையும் வேண்டாம். சரணாலயம் ஒரு பக்கம், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இன்னொரு பக்கம்.

ஆக, கரையில் நின்றே எட்ட வேண்டும். அதனால்தான் இந்த இரண்டு கேமராக்களும் பேச்சுக்கு வருகின்றன.

65-க்கும் 83-க்கும் உள்ள ஏமாற்று

கேனன் பெட்டியில் 65 மடங்கு ஜூம், நிக்கான் பெட்டியில் 83 மடங்கு என்று போட்டிருக்கும். பார்த்தால் கால் பங்கு கூடுதல் போலத் தோன்றும். ஆனால் மடங்கு என்பது எங்கே ஆரம்பிக்கிறது என்பதைப் பொறுத்தது. கேனன் 21 மி.மீ.யில் தொடங்கி 1365-இல் முடிகிறது. நிக்கான் 24-இல் தொடங்கி 2000-இல் முடிகிறது. தூரத்தை எட்டிப் பிடிப்பதில் உண்மையான வித்தியாசம் ஏறத்தாழ 46 சதவீதம்.

அதே 200 மீட்டர், அதே பூநாரை. கேனனின் முழு ஜூமில் படத்தின் உயரம் சுமார் 3.8 மீட்டர் காட்சி. பறவை அதில் மூன்றில் ஒரு பங்கு. நிக்கானில் 2.6 மீட்டர், பறவை சரியாகப் பாதி. "கேனனில் 20 மெகாபிக்சல் இருக்கு, நிக்கானில் 16-தானே, கேனன் படத்தை வெட்டிப் பெரிசாக்கினா போச்சு" என்று கடையில் ஒரு வாதம் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. கேனன் படத்தில் பறவையின் உயரத்துக்குக் கிடைப்பது சுமார் 1,330 பிக்சல். நிக்கானில் சுமார் 1,730. தவிர, இவ்வளவு சின்ன சென்சாரில் முழு ஜூமின் எஃப் 6.5 துளை வழியாக வரும்போது ஒளியே சற்று விரிந்து மங்கிவிடும். கூடுதல் 4 மெகாபிக்சலின் லாபம் அங்கேயே கிட்டத்தட்ட கரைந்துவிடுகிறது.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் உண்டு. முழு ஜூமில் இரண்டுமே எஃப் 6.5 என்பதால் வெளிச்சம் வாங்குவதிலும் சமம் என்று தோன்றும். கேனன் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 247 மி.மீ., நிக்கானுடையது 357 மி.மீ. இதை 6.5-ஆல் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் அகலம் கிடைக்கும்: கேனனில் 38 மி.மீ., நிக்கானில் 55 மி.மீ. பரப்பளவில் பார்த்தால் இரண்டு மடங்குக்கும் மேல். அதாவது அந்த ஒற்றைப் பூநாரையிடமிருந்து வரும் வெளிச்சத்தை நிக்கான் இரு மடங்கு வாங்குகிறது. அதை அதிகப் பிக்சல்களில் பரப்பிக்கொள்வதால் படம் பளிச்சென்று ஆகிவிடாது, ஆனால் இறகின் மடிப்பு தெரியும்.

அந்த வாயின் விலை, எடை. கேனன் சுமார் 610 கிராம். நிக்கான் ஒரு கிலோவைத் தொடுகிறது, 1,005 கிராம். கழுத்தில் மாட்டிக்கொண்டு காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை கரையோரம் நடந்தவர்களுக்கு இந்த 400 கிராம் என்றால் என்ன என்று தெரியும்.

பறக்கும்போது?

இதில் இரண்டையும் பெரிதாகப் புகழ முடியாது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் வருவது போல பறவையின் கண்ணைத் தேடிப்பிடித்து விடாமல் பின்தொடரும் ஃபோகஸ் இரண்டிலும் இல்லை. நிக்கான் டயலில் பறவை படம் போட்ட ஒரு மோடு இருக்கிறது. புதியவர்களுக்கு உதவும், மந்திரம் எதுவும் இல்லை. நிக்கான் விநாடிக்கு 7 படம் எடுக்கும், ஆனால் 10 படத்தோடு மூச்சு வாங்க நிற்கும். கேனன் ஃபோகஸைப் பூட்டி வைத்தால் விநாடிக்கு 10. ஃபோகஸ் மாறிக்கொண்டே வரவேண்டும் என்றால் 5.7. கூட்டமாக எழும்பும் பூநாரையின் சிவப்புச் சிறகு விரிவதை எடுக்க இரண்டிலுமே அதிர்ஷ்டமும் வேண்டும், நிறைய வெயிலும் வேண்டும்.

2000 மி.மீ.யில் பறவையைத் தேடிப் பிடிப்பதே தனி வித்தை. கொஞ்சம் கை அசைந்தாலும் திரையில் வெறும் தண்ணீர்தான். இதற்காக இரண்டு நிறுவனங்களும் ஒரு பட்டன் வைத்திருக்கின்றன: அழுத்தினால் ஜூம் சற்றுப் பின்வாங்கி அகலமாகக் காட்டும், விட்டால் பழைய இடத்துக்குப் போகும். கடையில் விற்பவர் இதை அநேகமாகக் காட்ட மாட்டார். வாங்குகிறவர் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டிய முதல் பட்டன் இதுதான்.

இன்னொன்று: காலை ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் சேறும் தண்ணீரும் சூடேறி, காற்று அலையலையாய் நெளிய ஆரம்பிக்கும். அந்த நெளிவுக்குள் 1365-உம் ஒன்றுதான், 2000-உம் ஒன்றுதான். படம் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்தது போல் இருக்கும். கேமராவைக் குறை சொல்லி விற்றுவிடும் பலர் உண்மையில் சூரியனைத்தான் குறை சொல்ல வேண்டும். அலாரத்தை நான்கு மணிக்கு வைப்பது எந்தக் கேமராவையும் ஒரு படி உயர்த்தும்.

பறவை மட்டும்தானா பழவேற்காடு?

இல்லை. கேனன் பக்கம் தராசு சாயும் இடம் இதுதான். கரையில் ஏற்றிவைத்த படகை முனையிலிருந்து முனைவரை ஒரே சட்டத்தில் அடக்க, ஏலம் நடக்கும் இடத்தில் ஆள் நெருக்கத்துக்கு நடுவே நின்று எடுக்க, 24-ஐ விட 21 மி.மீ. சௌகரியம். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையில் இன்று பார்க்க அதிகம் மிச்சமில்லை. ஆனால் அவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும். குறுகிய இடத்தில் அதை எடுக்கவும் அகலம்தான் வேண்டும். எதிர்வாதமும் உண்டு: அகலக் கோணத்தில் நிக்கான் எஃப் 2.8, கேனன் எஃப் 3.4. விடியாத நேரத்து மீன் கரையில் அந்தச் சின்ன வித்தியாசம் நிக்கானுக்குக் கைகொடுக்கும்.

ஆனால் இந்த ஊரில் பெரிய ஜூம் செய்யக்கூடாத ஒரு வேலை இருக்கிறது. ஏரியின் ஆழமில்லாத பகுதிகளில் இருளர் பெண்கள் தண்ணீருக்குள் தவழ்ந்தபடி, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டுக்கொள்வார்கள். நாள் முழுக்க ஈரத் துணியோடு செய்யும் வேலை. கரையிலிருந்து 2000 மி.மீ. வைத்து அவர்களுக்குத் தெரியாமலே முகத்தை எடுத்துவிடலாம். எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டவர்களும் உண்டு. பூநாரையிடம் அனுமதி கேட்க முடியாது, அதனால் தூர நிற்கிறோம். மனிதரிடம் கேட்க முடியும், கிட்டே போய், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிட்டு வர வேண்டியதுதான்.

வலை போடும் இடங்களுக்கும் இது பொருந்தும். பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறைகளாக இருக்கிறது: இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. ஒருவருடைய முறை திரும்பி வர நாட்கள் ஆகும். அந்த ஒரு நாளில், நல்ல கோணம் வேண்டும் என்று வலைக்கு அருகே இறங்கித் தண்ணீரைக் கலக்கினால் அவருக்குப் போவது லைக் இல்லை, வருமானம்.

உப்புக்காற்று, பேட்டரி, வயசு

ஏரி உவர்நீர். காற்றும் உப்பு. இரண்டு கேமராவிலும் தூசி, ஈரம் புகாமல் அடைக்கும் பாதுகாப்பு கிடையாது. ஜூம் நீளும்போதெல்லாம் லென்ஸ் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. திரும்பி வந்ததும் லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால் வெளிப்புறம் துடைத்து, காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்காவிட்டால் ஆறு மாதத்தில் பட்டன்கள் முரண்டு பிடிக்கும்.

பேட்டரி நிறுவனக் கணக்கில் கேனனுக்கு 325 படம், நிக்கானுக்கு 290. பெரிய வித்தியாசம் இல்லை. ஜூமை நீட்டி மடக்கிக்கொண்டே இருந்தால் இரண்டுமே இன்னும் சீக்கிரம் இறங்கும். நிக்கானை கேமராவுக்குள்ளேயே யுஎஸ்பி மூலம், பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏற்றலாம் என்பது பொன்னேரி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அருமை தெரியும் வசதி. ஆனால் பழைய மைக்ரோ யுஎஸ்பி கேபிள் தேவை. இன்றைய போன் கேபிள் பொருந்தாது.

அதுவே இன்னொன்றையும் நினைவூட்டுகிறது: இரண்டும் வயதான மாடல்கள். இரண்டுக்கும் அடுத்த தலைமுறை வரவில்லை. நிக்கான் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த பி1100 வேறு ஜாதி: 3000 மி.மீ., சுமார் 1.4 கிலோ. அதைக் கையில் பிடித்து பறவை எடுப்பதைவிட ஸ்டாண்டில் வைத்து நிலாவை எடுப்பது சுலபம். இன்னொரு வழி, பழைய டிஎஸ்எல்ஆரும் ஒரு நீள லென்ஸும் செகண்ட் ஹேண்டில் வாங்குவது. இந்த பிரிட்ஜ் கேமராக்களின் சென்சார் பரப்பு, சாதாரண டிஎஸ்எல்ஆர் சென்சாரில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்குதான். மங்கிய வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் கண்ணில் அடிக்கும். எட்டும் தூரம் குறையும், பை கனக்கும், செலவு ஏறும்.

அப்போ எதை வாங்குவது?

நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் ஒருமுறையாவது அண்ணாமலைச்சேரி கரைக்கோ, சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் ஏரி நடுச் சாலைக்கோ போகிறவர் என்றால் நிக்கான். பேச்சே இல்லை. பறவைதான் குறி என்றால் 1365-க்கும் 2000-க்கும் உள்ள இடைவெளியை வேறு எந்த வசதியும் ஈடுகட்டாது.

வருஷத்துக்கு ஒருமுறை பழவேற்காடு, மற்றபடி ஊட்டி, கல்யாணம், குழந்தையின் ஆண்டுவிழா என்று போகிறவர் நிக்கானை வாங்கினால், ஒரு கிலோ கனத்துக்குப் பயந்து அதை அலமாரியிலேயே வைத்துவிட வாய்ப்பு அதிகம். அவருக்கு கேனன். கையோடு போகும் கேமராதான் படம் எடுக்கும். இரண்டில் எது என்று தெரியாதவர், சென்னையில் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் ஒரு சனி, ஞாயிறுக்கு எடுத்துப் பார்த்துவிடலாம். வாங்கிய பிறகு மனசு மாறுவதைவிட அது மலிவு.

வாங்கும்போது இந்திய வாரன்டி அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். பழைய மாடல் என்பதால் வெளிநாட்டு ஸ்டாக் கலந்து வரலாம். கடைக்கு சொந்த மெமரி கார்டு கொண்டுபோய், வாசலில் நின்று எதிர் வரிசையில் தூரத்தில் தெரியும் போர்டை இரண்டு கேமராவிலும் முழு ஜூமில், ஸ்டாண்ட் இல்லாமல், பத்துப் பத்துப் படம் எடுத்து வந்து, வீட்டு லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பத்தில் எத்தனை எழுத்து ஆடாமல் வந்திருக்கிறது என்பது அந்தக் கைக்கு அந்தக் கேமரா ஒத்துவருமா என்பதைச் சொல்லிவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.