கிளினிக் கொப்பியும் ஓர் அமானிதம்தான்!

 

காணி உறுதி எங்கே, நகைப் பெட்டியின் சாவி எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவீர்கள். உங்கள் பிள்ளையின் கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது?

சில மாதங்களுக்கு முன் உறவுக்காரப் பெண் ஒருத்தியைக் கைக்குழந்தையோடு வேலணையில் கிளினிக்குக் கூட்டிச் சென்றேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஒதுங்கிய குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. கணவருக்குத் தீவுப் பக்கம் வியாபாரம். சில மாதம் அங்கே, சில மாதம் இங்கே என்று அவர்கள் வாழ்க்கை ஓடுகிறது.

"பிள்ளையின் கொப்பி எங்கே?" என்று மிட்வைஃப் கேட்டார்.

"புத்தளத்தில் உம்மா வீட்டில இருக்கு மிஸ்."

"ஒன்பதாம் மாத ஊசி போட்டாச்சா?"

"போட்டதுதான் என்று நினைக்கிறன்."

மிட்வைஃப் கோபிக்கவில்லை. உம்மாவுக்கு அழைப்பெடுத்து, கொப்பியின் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். படம் வந்தது. ஒன்பதாம் மாதக் கட்டம் வெறுமையாக இருந்தது! குழந்தைக்கோ 11 மாதம் முடிந்துவிட்டது. புத்தளத்தில், "யாழ்ப்பாணம் போய்விட்டார்கள்" என்று எண்ணியிருப்பார்கள். வேலணையில் அப்படியொரு பிள்ளை இருப்பதே யாருக்கும் தெரியாது. இரண்டு ஊர்களில் வாழ்ந்த அந்தக் குழந்தை ஒரு பதிவேட்டிலும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், அன்றைக்கே ஊசி போடப்பட்டது.

கொப்பியில் நூறு, ஊரில் தொண்ணூற்றொன்று

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிராமத்தில் 40 குழந்தைகள் பதிவாகி, 40 பேருக்கும் ஊசி போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் நூற்றுக்கு நூறு! ஆனால் பதியாத 4 குழந்தைகளும் அதே ஊரில் இருந்தால்? 44 பேரில் 40 பேருக்குத்தான் காப்பு. அது நூற்றுக்கு ஏறத்தாழ 91. சின்னமுத்து பரவாமல் தடுக்க 95 வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். கணக்கில் வராத நான்கு பிள்ளைகளால் ஊரே அரண் இழந்து நிற்கிறது.

சின்னமுத்தைச் சிறிய நோய் என்று எண்ணாதீர்கள். நிமோனியா, வயிற்றோட்டம், மூளை அழற்சி, கண்பார்வை இழப்பு வரை அது கொண்டுபோய்விடும். நம் நாட்டில் உள்ளூர்க் கிருமியால் வந்த கடைசி நோயாளி 2016 மே மாதத்தில் பதிவானார். 2019 ஜூலையில் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் 2023இல் அது திரும்பவும் தலைகாட்டியது.

அப்போது அரசாங்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடவில்லை. நோய் எங்கே, எந்த வயதில் வருகிறது என்று பதிவுகளைப் பார்த்தது. பிறகு 2024 ஜனவரி 6ஆம் திகதி, 6 முதல் 9 மாதம் வரையான குழந்தைகளுக்கு ஒரு மேலதிக ஊசி போட ஏற்பாடு செய்தது. ஆபத்து அதிகமென்று குறிக்கப்பட்ட ஒன்பது பகுதிகளில் யாழ்ப்பாணம் இருந்தது, கல்முனையும் இருந்தது. நம் சமூகத்தார் நெருக்கமாக வாழும் ஊர்கள் இவை என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மேலதிக ஊசி வழமையான ஊசிக்கு ஈடாகாது. 9 மாதத்திலும் 3 வயதிலும் உரிய எம்.எம்.ஆர். ஊசிகளைப் போட்டே ஆக வேண்டும். அதே ஊசிதான் ருபெல்லாவையும் தடுக்கிறது. கர்ப்பிணிக்கு ருபெல்லா வந்தால் வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்படும்.

படகில் வரும் ஊசி

தீவுப்பகுதிச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் மருந்து, 2 முதல் 8 பாகை வரையான குளிரில், ஐஸ் பெட்டியில் கடல் தாண்டி வர வேண்டும். எம்.எம்.ஆர். மருந்துக் குப்பியைக் கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். அதனால்தான் கிளினிக்குக்கு நாள் குறிக்கிறார்கள். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று தெரிந்தால்தான் எத்தனை குப்பி கொண்டுவருவது என்பதும் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் இந்த நிஃமத்தை நாம் அலட்சியப்படுத்தலாமா?

எழுதச் சொன்ன மார்க்கம்

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வைப்பது பற்றியது. தொகை சிறிதென்று எழுதாமல் விட அது இடம் தரவில்லை. பணக் கடனுக்கே இப்படியென்றால், பிள்ளையின் உயிர் நமக்குக் கடனல்லவா? பெற்றோரிடம் உள்ள அமானிதமல்லவா? முதலில் ஒட்டகத்தைக் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நாமே கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கலாமா?

தடுப்பு மருந்து நமக்கு அந்நியமானதும் அல்ல. சின்னமுத்தையும் பெரியம்மையையும் பிரித்து விளக்கி நூல் எழுதியவர் அர்ராஸி. 1717இல் துருக்கியில் பெண்கள் பிள்ளைகளுக்கு அம்மைப்பால் குத்துவதைக் கண்ட ஓர் ஆங்கிலேயச் சீமாட்டி, அந்த முறையைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். ஜென்னரின் கண்டுபிடிப்பு வந்தது 1796இல்தான்.

"இதில் ஹராமான பொருள் கலந்திருக்குமோ?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அசுத்தமான பிராணியின் எலும்பும் தோலும் மாற்றமடைந்து ஜெலட்டின் ஆகிவிட்டால் அது தூய்மையானதே என்று 1995இல் குவைத்தில் கூடிய உலமாக்களும் மருத்துவர்களும் முடிவெடுத்தார்கள். இதை ஏற்காத இந்தோனேசிய உலமா சபையும், நிர்ப்பந்தத்தின் காரணமாக அங்கே வழங்கப்பட்ட சின்னமுத்து–ருபெல்லா ஊசிக்கு 2018இல் அனுமதி தந்தது.

இன்றே செய்யுங்கள்

சகோதரிகளே, கொப்பியை எடுத்து விரித்துப் பாருங்கள். வெறுமையான கட்டம் இருந்தால், "காலம் கடந்துவிட்டதே" என்று வெட்கப்படாமல் மிட்வைஃபிடம் போங்கள். பயணம் போகும்போது கொப்பியும் கூடவே வரட்டும். கையடக்கத் தொலைபேசியில் அதன் படமும் இருக்கட்டும். ஊர் மாறினால் முதல் வாரத்திலேயே அங்குள்ள மிட்வைஃபிடம் பதியுங்கள். தனியார் வைத்தியசாலையில் ஊசி போட்டாலும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு தாய் குடிவந்தால், கறிக் கிண்ணத்தோடு இந்தச் செய்தியையும் கொடுங்கள்.

அரசாங்கம் மருந்து தரும், ஆள் தரும், கணக்கும் பார்க்கும். ஆனால் அந்தக் கணக்கின் முதல் வரி உங்கள் வீட்டில்தான் எழுதப்படுகிறது.

வல்ல அல்லாஹ் நம் மழலைகள் அனைவரையும் நோய் நொடியிலிருந்து காப்பானாக! ஆமீன்.