ரிப்போர்ட்ல ஒண்ணுமில்ல!

எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மகள் கேட்டாள், “இதுல வலி எங்கம்மா இருக்கு?”

ஒன்பது வயசு அவளுக்கு. ஃபிலிமில் என் இடுப்பெலும்பும் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியும் பளிச்சென்று தெரிந்தன. விரல் வைத்துக் காட்ட ஓரிடம்கூட இல்லை. “டாக்டர் என்னம்மா சொன்னாரு?” என்றாள். “ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரு கண்ணு.” ஃபிலிமை உறைக்குள் திருப்பிப் போட்டவள், “அப்புறம் ஏன் நேத்து ராத்திரி அழுத?” என்று கேட்டாள்.

மூன்று வருடமாக எனக்கு வலி இருக்கிறது. இடுப்பில் தொடங்கி, தோள்பட்டைக்கு ஏறி, சில நாள் விரல் மூட்டுகளில் வந்து உட்காரும். கரூரில் எங்கள் வீட்டு பீரோ கைப்பிடியில் ஒரு மஞ்சப்பை தொங்குகிறது. அதற்குள் இரண்டு எம்.ஆர்.ஐ., நான்கு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஒரு கட்டு. எலும்புக்கு, நரம்புக்கு, கர்ப்பப்பைக்கு என்று உள்ளூரிலும் கோவையிலுமாக ஐந்து டாக்டர்களைப் பார்த்தாயிற்று. தைராய்டு சரி. பி12 சரி. வைட்டமின் டி மட்டும் கொஞ்சம் குறைவு என்றார்கள். மாத்திரை போட்டதில் அது ஏறிவிட்டது. வலிதான் இறங்கவில்லை.

“ஒண்ணுமில்லை” என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே. டாக்டர் அதைச் சொல்லும்போது, பயப்படும்படி ஒன்றுமில்லை, கட்டி இல்லை, எலும்பு நொறுங்கவில்லை என்ற அர்த்தத்தில் நல்ல மனதோடுதான் சொல்கிறார். அது ஆட்டோ ஏறி வீடு வந்து சேர்வதற்குள் அர்த்தம் மாறிவிடுகிறது. “அதான் ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே” என்று என் அத்தை இட்லித் துணியைப் பிழிந்தபடி சொன்னார். “நாங்கெல்லாம் ஆறு பெத்துட்டு அடுத்த மாசமே காட்டு வேலைக்குப் போனோம்.” வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். அவரும் ஆறுதலாகத்தான் சொல்வார், “ரிப்போர்ட்லதான் ஒண்ணுமில்லையே, விடு.” நாலாவது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் நடிக்கிறேனோ?

இத்தனைக்கும் வலியைச் சொல்ல நம்மிடம் வார்த்தைப் பஞ்சம் கிடையாது. என் பாட்டி இடுப்பு ‘கடுக்குது’ என்றால் ஒன்று, ‘குடையுது’ என்றால் வேறொன்று. கால் ‘உளைச்சல்’ ராத்திரி வருவது. ‘குத்தல்’ வந்து வந்து போவது. ‘விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ என்றால் உள்ளே ஏதோ பழுக்கிறது. பிடிப்பு, இழுப்பு, எரிச்சல், மதமதப்பு என்று இன்னும் எத்தனையோ. இவ்வளவையும் நான் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஓ.பி. சீட்டில் இரண்டே வார்த்தை விழுந்தது: பாடி பெயின்.

கனடாவில் ரொனால்ட் மெல்ஸாக் என்ற உளவியலாளர் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்தார். நோயாளிகள் வலியை என்னென்ன வார்த்தையில் சொல்கிறார்கள் என்று சேகரித்து, 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி, 1975-ல் மெக்கில் வலி வினாத்தாளை வெளியிட்டார். நோயாளி எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே அங்கே ஒரு தடயம். நம் ஊரில் அந்தத் தடயம் பாதி நேரம் டாக்டரின் மேஜையைத் தாண்டுவதில்லை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ அது நாள்பட்ட வலி. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று தனியாகக் குறிப்பே எழுதிச் சேர்த்தது. எழுத வேண்டிய நிலை இருந்திருக்கிறது! 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், வேறொரு நோயின் அறிகுறியாக இல்லாமல் வலியே நோயாக இருக்கும் நிலைக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். எலும்பிலும் தசையிலும் காயம் எதுவும் தெரியாது. வலியை உணர்த்தும் நரம்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கூர்மையாகியிருக்கும். ஒரு தடவை திருடனைக் கண்ட நாய், அப்புறம் தபால்காரரைப் பார்த்தும், காற்றில் அசையும் கொடித்துணியைப் பார்த்தும் குரைக்குமே, அப்படி. திருடன் இல்லை என்பதற்காக நாய் குரைக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

எல்லோருக்கும் கதை இதுவேதான் என்றும் சொல்லிவிட முடியாது. காரணம் இருந்தும் கண்ணில் படாத வலிகள் உண்டு. எங்கள் பகுதி ஆட்டோக்காரர் ஒருவருக்கு முப்பது வயது. காலையில் எழுந்தால் முதுகு ஒரு மணி நேரம் மரக்கட்டை. வண்டி ஓட்டத் தொடங்கினால் தேவலாம். ‘ரெஸ்ட் எடுங்க’ என்று எல்லோரும் சொல்ல, அவருக்கோ படுத்தால்தான் கூடுகிறது. ஓய்வில் கூடி நடமாட்டத்தில் குறைகிற, சின்ன வயதிலேயே தொடங்குகிற முதுகுவலி, முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். ஆரம்ப வருடங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். பெண்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கேன் நார்மலாக வந்தாலும் நோய் இருக்கக்கூடும். ‘மாதவிலக்குன்னா வலிக்கத்தான் செய்யும்’ என்ற பேச்சிலேயே வருடங்கள் ஓடிவிடுகின்றன. முடக்குவாதம் உள்ள எல்லோருக்கும் ஆர்.ஏ. பரிசோதனை பாசிட்டிவ் வருவதும் இல்லை. 2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் போட்டுப் புரட்டியது நினைவிருக்கும். காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கியது. சிலருக்கு மூட்டு வலி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருந்தது.

எனக்கு இதில் எது என்று தெரியாது. தெரியும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருப்பார்களா?

காலை ஏழே முக்காலுக்கு மகளுக்கு ரெட்டை ஜடை போட வேண்டும். கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் உயிர் போகும். அதனால் நான் கட்டிலில், அவள் தரையில் சம்மணம் போட்டு. வகிடு எடுப்பதற்குள் சீப்பு இரண்டு முறை விழும். ஒருநாள் வலது ஜடையோடு கை நின்றுவிட்டது. இடது பக்கத்தை அவளே பின்னிக்கொண்டாள். ரிப்பன் காதுக்கு மேலே ஒன்று, காதுக்குக் கீழே ஒன்று. சாயங்காலம், “மிஸ் திட்டினாங்களா?” என்றேன். “இல்லம்மா, நானே போட்டேன்னு சொன்னேன். கைதட்டச் சொன்னாங்க.” அன்றிலிருந்து இடது ஜடை அவள் பொறுப்பு.

சின்னவனுக்கு நான்கு வயது. “தூக்கு, தூக்கு” என்று முழங்காலைக் கட்டிக்கொள்வான். முடியாது என்றால் அழுகை. தூக்கினால் எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. இப்போது நான் திண்ணையில் உட்கார்ந்து “ஏறு” என்கிறேன். மலை ஏறுகிற மாதிரி மடியில் ஏறுகிறான். ‘தூக்கு’ என்ற வார்த்தையே வீட்டில் புழக்கத்தில் இல்லை.

இதைப் படித்துவிட்டு என்னைப் பொறுமையின் சிகரமாக நினைக்க வேண்டாம். ஒரு மழைநாளில் அவன் பாலைத் தட்டிவிட்டான். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். ஒரு தம்ளர் பால், அதற்காகவா அடித்தேன்? கீழே குனிந்து துடைக்க வேண்டுமே என்ற ஆத்திரம். அடி வாங்கியவனுக்கு அது எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்தது, பால் கொட்டினால் அம்மா பேயாகிவிடுவாள் என்பதுதான். பிறகு கூப்பிட்டு, “அம்மாவுக்கு இடுப்பு வலி, அந்தக் கோபத்துல அடிச்சிட்டேன், தப்பு” என்றேன். அவன் என் இடுப்பில் ஊதினான்.

பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும், சின்ன மனசு பயந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு விசேஷத்தில் பெரியம்மா ஒருவர் எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். முடக்கத்தான் தோசை, நொச்சித் தண்ணிக் குளியல் எல்லாம் முடிந்து காரணத்துக்கு வந்தார். “எல்லாம் அந்த முதுகுல போட்ட ஊசிதான். முதப் பிரசவத்துல போட்டது, இப்பத்தான் வேலையைக் காட்டுது.” சிசேரியன் ஆன பெண்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் நம் ஊரில் இருக்க மாட்டார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், உண்மைதான். வருடக்கணக்கான முதுகுவலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த தசையும், குனிந்து பால் கொடுப்பதும், தூக்கமில்லாமல் பிள்ளையைச் சுமப்பதும் முதுகை வாங்குகின்றன; பழி மட்டும் ஊசிக்கு.

இரண்டு நாள் கழித்து, விளக்கை அணைத்த பிறகு மகள் கேட்டாள். “அம்மா, அந்த ஊசி எனக்காகத்தானே போட்டாங்க? நான் பொறந்ததாலதானே உனக்கு வலி?”

நாங்கள் பயமுறுத்தக் கூடாது என்று மூடி வைத்த இடத்தில், குழந்தை தானாக ஒரு காரணத்தை எழுதிக்கொண்டுவிட்டாள். அந்தக் காரணம் அவளே. விளக்கைப் போட்டு மஞ்சப்பையை எடுத்து, ஒவ்வொரு தாளாகக் காட்டினேன். இது எதற்குப் பார்த்தது, அதில் என்ன வந்தது, எது இன்னும் தெரியவில்லை. “டாக்டருக்கே தெரியலையா?” என்றாள். “இன்னும் தெரியல.” “சரி” என்று தூங்கிவிட்டாள். ‘இன்னும் தெரியல’ என்பது குழந்தைகளுக்குப் பழகிய பதில். வீட்டுப் பாடத்தில் பாதி அப்படித்தானே இருக்கிறது.

ஆஸ்பத்திரிச் சுவரில் முகம் முகமாக ஒரு படம் ஒட்டியிருப்பார்களே, சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடியுமே. அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் என்ற இருவர் 1983-ல் உருவாக்கியது. தங்கள் வலியைச் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்காக. ஆறு முகங்கள், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. எங்கள் வீட்டில் அது தலைகீழ். மகள் அதைப் பார்த்து வந்து, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில் முகம் வரைந்து, “இன்னிக்கு எது?” என்று கேட்க ஆரம்பித்தாள். முதல் வாரம் முழுக்க நான் இரண்டாம் முகத்தையே காட்டினேன். எட்டாவது நாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். “நீ பொய் சொல்ற. மாடிப்படியில உட்கார்ந்து உட்கார்ந்து ஏறின, நான் பார்த்தேன்.” அன்று ஐந்தாவது முகத்தைக் காட்டினேன். அதன்பின் மறைக்கவில்லை.

இதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. ஐந்தாவது முகம் என்றால் மகள் விளையாடப் போகாமல் கால் அமுக்கிவிட வந்து உட்காருவாள். “பொறுப்பான பொண்ணு” என்று அக்கம்பக்கத்தில் பெயர் வேறு. பெண் குழந்தை நர்ஸாவதை நாம் பாராட்டியே பழகிவிட்டோம். சின்னவனை யாரும் அமுக்கச் சொல்லவில்லை. அதனால் ஒரு சட்டம் போட்டேன். ஐந்து மணிக்கு மேல் அவள் தெருவில் இருக்க வேண்டும், என் முகம் எந்த நம்பராக இருந்தாலும் சரி. துணி மடிப்பது அப்பா. பருப்புக் குக்கரைத் திறப்பதும் அவரே. அத்தை முதலில் முணுமுணுத்தார், பிறகு சின்னவனைக் குளிப்பாட்டுவதைத் தானே எடுத்துக்கொண்டார்.

ஆறாவதாகப் பார்த்த டாக்டர் ருமட்டாலஜி. மூட்டுவாதத்துக்கென்று இப்படி ஒரு தனிப்பிரிவு இருப்பதே எனக்கு மூன்றாவது வருடம்தான் தெரிந்தது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் தனித் துறையாகவே இருக்கிறது. எங்கெங்கோ பணத்தைக் கொட்டும் முன்பு, உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். மெடிக்கல் ஷாப்பில் ‘ஒரு வலி மாத்திரை’ என்று மாதக்கணக்கில் வாங்கிப் போடாதீர்கள். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் அந்த வழியாக வரக்கூடும்.

மகள் காலண்டர் தாள்களையும் ரப்பர் பேண்ட் போட்டுப் பையில் வைத்திருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. டாக்டரம்மா அவற்றைப் பிரித்து, தேதிவாரியாக மேஜையில் பரப்பினார். எந்த நாளில் எந்த முகம், முந்தின நாள் என்ன வேலை, தூக்கம் எப்படி, மாதவிலக்கு எப்போது என்று கால் மணி நேரம் கேட்டார். குடைச்சலா கடுப்பா என்றும் கேட்டார்! மூன்று வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். நோயின் பெயரை அவரும் சொல்லவில்லை. “இன்னும் கண்டுபிடிக்கல. ஆனா வலி இருக்கு” என்றார். தினமும் இருபது நிமிஷம் நடை, இரண்டு உடற்பயிற்சி, மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்.

டாக்டர்களுக்கு ஒரு விண்ணப்பம். “ஒண்ணுமில்லை” என்று எங்களை அனுப்பாதீர்கள். “இன்னும் தெரியல” என்றே சொல்லுங்கள். முடிந்தால் அதைச் சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். வீட்டில் காட்ட வேண்டியிருக்கிறது.