பரோட்டா மாஸ்டரிடம் இருக்கிறது கலோரிக் கணக்கு

பெருநகரத்தில் பல கிளைகள் உள்ள பீட்சா கடையில் மெனு அட்டையைப் பிரித்தால், விலைக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு பண்டத்துக்கும் எத்தனை கலோரி என்று அச்சிட்டிருக்கும். அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்துக் கடைவீதியில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுகிறவருக்கு அந்த எண் கிடைக்காது. கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. சட்டம் அவரிடம் அதைக் கேட்கவே இல்லை.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் வெளியிட்ட விதியின்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்களும்தான் கலோரி அளவைக் காட்ட வேண்டும். 2022 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வேறு சில நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளும், இங்கிலாந்தில் 250 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களும் இருந்தால்தான் கட்டாயம். கணவன் அடுப்படியிலும் மனைவி கல்லாவிலும் நின்று நடத்தும் ஒற்றைக் கடை இந்த மூன்று நாடுகளின் சட்டத்துக்குள்ளும் வராது.

ஆனால் சர்க்கரை நோய் கிளைகளை எண்ணிப் பார்த்து வருவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கும்போது “அளவாச் சாப்பிடுங்க” என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்த அளவு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

செயலியில் தேடினால் விடை கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ‘பரோட்டா’ என்று தட்டினால் ஒவ்வொரு செயலியும் ஒவ்வோர் எண்ணைக் காட்டும். யாரோ எங்கோ போட்ட பரோட்டாவின் எண் அது. நம் ஊர்க் கல்லில் விழுகிற பரோட்டா அதைவிடப் பெரியதாகவும் இருக்கலாம், பாதியாகவும் இருக்கலாம். ஆகவே பண்டத்தின் பெயரை விட்டுவிட்டு, அதற்குள் போன மாவையும் எண்ணெயையும் பிடிக்க வேண்டும்.

சமைக்காத அரிசி, மைதா, கோதுமை மாவு ஆகியவை 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி தரும். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. கடலை எண்ணெயோ, நல்லெண்ணெயோ, பாமாயிலோ, இதில் வித்தியாசம் இல்லை. இந்தியப் பண்டங்களுக்கான இந்தக் கணக்குக்கும் நம் குன்னூருக்கும் தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1918-இல் அங்கே மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆய்வுக்காகத் தொடங்கிய சிறு கூடம், பிறகு ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை 1937-இல் அங்கிருந்துதான் ஊட்டச்சத்து ஆய்வாளர் அய்க்ராய்ட் வெளியிட்டார். 1958-இல் அந்த ஆய்வகம் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

இனி பரோட்டாவுக்கு வருவோம். மாஸ்டரிடம் இரண்டே கேள்விகள். ஒரு கிலோ மாவுக்கு எத்தனை பரோட்டா வருகிறது? நூறு பரோட்டாவுக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகிறது? இரண்டுக்குமான பதில் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். தினமும் சரக்கு வாங்குகிறவர் ஆயிற்றே. கிலோவுக்கு 15 என்றால், ஒன்றில் 67 கிராம் மைதா, அதாவது சுமார் 235 கலோரி. நூறு பரோட்டாவுக்கு ஒரு கிலோ எண்ணெய் என்றால், ஒன்றுக்கு 10 கிராம், அதற்கு 90 கலோரி. ஆக ஒரு பரோட்டா 325. மூன்று சாப்பிட்டால் சால்னா ஊற்றும் முன்பே 950-ஐத் தாண்டிவிடும். பக்கத்துக் கடையில் கிலோவுக்கு 20 போட்டால், அதே எண்ணெயில் ஒன்று 265-தான். பெயர் ஒன்று, விலையும் ஒன்றாக இருக்கலாம். கலோரி மட்டும் ஒன்றல்ல.

சால்னாவில் மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஊற்றச் சொல்லலாம். எந்தச் சப்ளையரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இட்லி எண்ணெயைத் தொடாத பண்டம், 50 கிராம் இட்லி ஒன்று 60 முதல் 80 கலோரிக்குள் அடங்கும். கூட வைக்கிற ஓர் உளுந்து வடை ஏறக்குறைய இரண்டு இட்லிக்குச் சமம். சாப்பாட்டில் கூட்டு, பொரியல், ரசம் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. சோறு எத்தனை முறை வாங்குகிறோம் என்பதை எண்ணினால் போதும். 150 கிராம் அரிசியில் வடித்த சோறு 525 கலோரி. மறுசோறு வாங்கினால் அதில் பாதி மறுபடியும் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு முன்னே பின்னே இருக்குமே என்றால், இருக்கும். அச்சடித்த எண்ணும் அப்படித்தான். அமெரிக்காவில் 42 உணவகங்களின் 269 பண்டங்களை ஆய்வகத்தில் அளந்தபோது, ஐந்தில் ஒன்று, சொன்னதைவிட 100 கலோரியோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தது. 2011-இல் வெளியான ஆய்வு இது. தவிர, பெங்களூரு உட்பட ஐந்து நாடுகளின் நகரங்களில் உள்ள உணவகங்களில் அளந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்து சாப்பிடும் உணவகச் சாப்பாடுகளில் 94 விழுக்காடு 600 கலோரிக்குக் குறையவில்லை. மனக்கணக்கு பெரும்பாலும் குறைத்தே சொல்லும் என்பதால், ஐயம் வந்தால் கூட்டிப் போடுவதே நல்லது. ஒரே கடையில் வழக்கமாகச் சாப்பிடுகிறவருக்கு ஒருமுறை போட்ட கணக்கே பல மாதங்களுக்கு உதவும்.

எண்ணைத் தெரிந்துகொள்வது எல்லாரும் குறைத்துச் சாப்பிடுவதற்காக அல்ல. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி கடின உழைப்பாளி ஆணுக்கு ஒரு நாளைக்கு 3,470 கலோரி தேவை. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 2,110, பெண்ணுக்கு 1,660. கரும்பு வெட்டிவிட்டு வருகிறவருக்கு மூன்று பரோட்டா நியாயமான உணவு. கல்லாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல். இன்சுலின் போடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது, வேளையைத் தவிர்க்கவும் கூடாது.

சின்னக் கடைக்காரரை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கச் சொல்வது அநியாயம். விலைப்பலகையில் ‘பரோட்டா – மாவு 67 கிராம், எண்ணெய் 10 கிராம்’ என்று சுண்ணக்கட்டியால் எழுதுவதற்குக் காசு செலவில்லை. தமிழ்நாட்டின் உணவுப் பாதுகாப்புத் துறை இதைக் கட்டாயமாக்காமல், விரும்பி எழுதும் கடைகளைப் பாராட்டித் தொடங்கி வைக்கலாம். அதுவரை, மாஸ்டரிடம் அந்த இரண்டு கேள்விகளை நீங்களே கேளுங்கள்.