‘வீட்லதானே இருக்க?’ - ஒர்க் ஃப்ரம் ஹோம் தேடும் அம்மாக்கள் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

“பாப்பாவுக்கு ஒன்றரை வயசாகிடுச்சு. திரும்ப வேலைக்குப் போகலாம்னு இருக்கேன். வீட்லேர்ந்தே பண்ற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்...”

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களிலும் காலேஜ் பேட்ச் குரூப்களிலும் அடிக்கடி வரும் மெசேஜ் இது. கீழே பதில்களும் வரிசையாக வரும். ‘மெடிக்கல் கோடிங் படிங்க’, ‘ஆன்லைன் டியூஷன் எடுங்க’, ‘டேட்டா என்ட்ரி ட்ரை பண்ணுங்க’. நடுவில் ஒரு லிங்க்கும் வரும்: ‘தினமும் 2 மணி நேரம் போதும், மாதம் 40,000 ரூபாய்!’

இதில் எது நிஜமான வாய்ப்பு, எது வலை? சட்டம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்? ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்? பார்க்கலாம்.

ரிமோட் வேறு, ஃப்ளெக்ஸிபிள் வேறு!

முதல் குழப்பமே இங்குதான். ‘ரிமோட்’ என்பது எந்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறோம் என்பதைப் பற்றியது. ‘ஃப்ளெக்ஸிபிள்’ என்பது எந்த நேரத்தில் செய்கிறோம் என்பதைப் பற்றியது. ஒன்று இருந்தால் மற்றொன்றும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

கஸ்டமர் சப்போர்ட் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்துதான் வேலை. ஆனால் 9 மணி நேரம் ஹெட்செட் மாட்டியிருக்க வேண்டும். இடைவேளைகூட சிஸ்டத்தில் பதிவாகும். குழந்தை அழுதால் எழுந்து போக முடியாது. இது ரிமோட்; ஃப்ளெக்ஸிபிள் இல்லை. மாறாக, வாரத்துக்கு இத்தனை பக்கம் மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்ற வேலையில், அதைக் காலை 5 மணிக்குச் செய்தாலும் இரவு 10 மணிக்குச் செய்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. இது இரண்டும்தான்.

கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு இடத்தைவிட நேரம்தான் பெரும்பாலும் பிரச்னை. ஸ்கூல் போகும் குழந்தை இருந்தால் மதியம் 3 மணிக்கு மேல்தான் சிக்கல். எனவே, தேடத் தொடங்கும் முன் ஒரு வாரம் உங்கள் நாளைக் குறித்துவையுங்கள். யாரும் கூப்பிடாத, முழுக் கவனத்துடன் உட்காரக்கூடிய நேரம் தினமும் எவ்வளவு? அது 3 மணி நேரம் என்றால், முழுநேர ரிமோட் வேலை இப்போதைக்கு ஒத்துவராது. பகுதிநேரமோ ஃப்ரீலான்ஸோதான் பொருந்தும்.

நேரம் எங்கே போகிறது?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களுக்கு இது 88 நிமிடம். குழந்தைகள், பெரியவர்களைப் பராமரிப்பதில் ஈடுபடும் பெண்கள் அதற்கு 137 நிமிடமும், ஆண்கள் 75 நிமிடமும் தருகிறார்கள்.

2023-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதன் மறுபக்கத்தை ஆராய்ந்தவர். எந்நேரமும் கூப்பிட்டால் வரத் தயாராக இருப்பவருக்கே அதிகச் சம்பளம் தரும் வேலைகளை அவர் ‘பேராசை பிடித்த வேலைகள்’ என்கிறார். வீட்டில் குழந்தை வந்ததும் தம்பதியில் ஒருவர் அந்த வேலையைத் தொடர, மற்றவர் நேரம் ஒத்துவரும், ஆனால் சம்பளம் குறைவான வேலைக்கு மாறுகிறார். அந்த ‘மற்றவர்’ பெரும்பாலும் அம்மாதான். அதாவது, நேர வசதிக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பேசுவதுதான் புத்திசாலித்தனம்.

சட்டப்படி வீட்டிலிருந்து வேலை கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் கிடைத்தே தீரும் என்று சட்டம் சொல்லவில்லை.

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் கொண்டுவந்த திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. விடுப்பு முடிந்த பிறகும், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், நிறுவனமும் பணியாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளின்படி வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கலாம் என்றும் சொன்னது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான்.

இந்தச் சட்டம் இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை பற்றிய பிரிவு அதிலும் இருக்கிறது. கவனிக்க வேண்டிய சொல், ‘அனுமதிக்கலாம்’. நிறுவனம் மறுத்தால் இந்தப் பிரிவை மட்டும் வைத்துக்கொண்டு கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் பேச்சைத் தொடங்க இது நல்ல பிடி. விடுப்பு முடிவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே, “முதல் 3 மாதம் வாரத்தில் 3 நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், பிறகு பரிசீலிக்கலாம்” என்று குறிப்பிட்ட திட்டமாக ஈமெயிலில் கேட்டால், ‘முடியாது’ என்று ஒரே வார்த்தையில் மறுப்பது மேனேஜருக்குக் கஷ்டம்.

எனவே, வேலையை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடுவதைவிட, இருக்கும் வேலையிலேயே பேசிப்பார்ப்பது பெரும்பாலும் சுலபமான முதல் படி. அங்கே உங்கள் வேலைத்திறன் ஏற்கெனவே தெரியும்.

என்னென்ன வேலைகள் இருக்கின்றன?

*பழைய அனுபவத்தை ஒட்டியவை:* சாஃப்ட்வேர் டெஸ்ட்டிங், பேரோல், ஹெச்.ஆர். ரெக்ரூட்மென்ட், டிசைன், கணக்குப் பதிவு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் போன்றவை. 2 வருடமாவது அனுபவம் இருந்தால் இதிலேயே தேடுவது நல்லது. புதுத் துறையில் ஃப்ரெஷராகத் தொடங்கினால் சம்பளமும் அங்கிருந்துதான் தொடங்கும்.

*மெடிக்கல் கோடிங்:* சென்னையில் இதற்கான நிறுவனங்கள் நிறைய. லைஃப் சயின்ஸ், நர்சிங், பார்மசி படித்தவர்களுக்குப் பொருந்தும். ஆனால் புதிதாகச் சேர்பவர்களைப் பெரும்பாலும் முதலில் ஆபீஸுக்குத்தான் வரச் சொல்வார்கள். சர்டிஃபிகேஷனும் சில வருட அனுபவமும் சேர்ந்த பிறகே வீட்டிலிருந்து வேலை எளிதாகும். ‘கோர்ஸ் முடிச்ச உடனே ஒர்க் ஃப்ரம் ஹோம்’ என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களிடம் உஷார்.

*மொழி சார்ந்தவை:* மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், தமிழ் ஆடியோவை எழுத்தாக்குவது. நேர வசதி அதிகம். ஆனால் ஏ.ஐ. கருவிகள் வந்த பிறகு, முழுதாக எழுதும் வேலை குறைந்து, மெஷின் தந்ததைத் திருத்தும் வேலை கூடியிருக்கிறது. அதற்குக் கட்டணமும் குறைவு.

*டியூஷன்:* மாலை 4 முதல் 8 வரைதான் டிமாண்ட். உங்கள் குழந்தையும் வீட்டில் இருக்கும் அதே நேரம் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கே தேடுவது?

கரியர் பிரேக்குக்குப் பிறகு வரும் பெண்களுக்கென்றே பெரிய நிறுவனங்கள் சில திட்டங்களை நடத்துகின்றன. டாடா குழுமத்தின் ‘செகண்ட் கரியர்’ திட்டம், டி.சி.எஸ்-ஸின் ‘ரீபிகின்’, ஜோஹோவின் ‘மறுபடி’ போன்றவை உதாரணங்கள். பெண்களுக்கான வேலைத் தளங்களில் ஹெர்கீ, சென்னையைச் சேர்ந்த அவதார் ஆகியவை கவனிக்கத்தக்கவை. இவற்றில் வரும் எல்லா வேலைகளும் ரிமோட் அல்ல. ஒவ்வொன்றிலும் வேலை செய்யும் இடம் எது என்று பார்க்க வேண்டும். லிங்க்ட்இன், நௌக்ரியில் தேடும்போது ‘ரிமோட்’ ஃபில்டரோடு ‘பார்ட் டைம்’, ‘கான்ட்ராக்ட்’ ஃபில்டர்களையும் தட்டிப் பாருங்கள்.

அதைவிடவும் பலன் தருவது பழைய டீம் லீடுக்கு ஒரு மெசேஜ். “மறுபடி வேலைக்கு ரெடி, தினமும் 5 மணி நேரம் தர முடியும்” என்று நேரடியாகச் சொல்லுங்கள். பகுதிநேர வேலைகள் பல, விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே தெரிந்தவர் மூலம் நிரம்பிவிடும்.

ரெஸ்யூமேவில் இடைவெளியை மறைக்க வேண்டாம். ‘2021 - 2024: குழந்தை வளர்ப்புக்கான இடைவெளி’ என்று ஒரே வரி போதும். அதன் கீழே சமீபத்தில் கற்ற ஒரு டூல், முடித்த ஒரு சின்ன ப்ராஜெக்ட் இருந்தால், இன்டர்வியூவில் பேச்சு அதைப் பற்றிப் போகும்.

ஆஃபர் வந்தால் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. எந்த நேரம் கட்டாயம் ஆன்லைனில் இருக்க வேண்டும்? மீதி நேரம் என் விருப்பமா?
2. ரிமோட் என்பது நிரந்தரமா? ‘நிறுவனம் விரும்பினால் ஆபீஸுக்கு அழைக்கலாம்’ என்ற வரி லெட்டரில் இருக்கிறதா?
3. கேமரா ஆன், ஸ்க்ரீன் ஷாட் எடுக்கும் டிராக்கர் உண்டா?
4. நான் பணியாளரா, கான்ட்ராக்டரா? பி.எஃப்., சம்பளத்துடன் லீவ் உண்டா?
5. நைட் ஷிஃப்ட் எப்போதாவது வருமா?
6. லேப்டாப், இன்டர்நெட் செலவு யாருடையது?

போனில் சொன்னது போதாது. “நாம் பேசியபடி...” என்று தொடங்கி ஈமெயிலில் எழுதி, பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளத்தை எப்படி ஒப்பிடுவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே.

முழுநேர ரிமோட் வேலை, மாதம் 28,000 ரூபாய். ஒரு நாளைக்கு 9 மணி நேரம் வீதம் 22 நாள். மொத்தம் 198 மணி நேரம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள டே கேருக்கு 8,000 ரூபாய் போனால் கையில் 20,000. மணிக்குச் சுமார் 101 ரூபாய்.

ஃப்ரீலான்ஸ் வேலை, மணிக்கு 200 ரூபாய், தினமும் 4 மணி நேரம். 22 நாளுக்கு 17,600 ரூபாய். கிளையன்ட் தேடுவது, பில் அனுப்புவது, திருத்தம் செய்வது என்று மாதம் 22 மணி நேரம் சம்பளமில்லாமல் போகும். அதையும் சேர்த்தால் 110 மணி நேரம். மணிக்கு 160 ரூபாய்.

பார்வைக்கு 10,400 ரூபாய் வித்தியாசம் இருந்த இரண்டு வேலைகளுக்கும், கையில் நிற்கும் வித்தியாசம் 2,400 ரூபாய்தான். ஆனால் முதல் வேலையில் பி.எஃப்., லீவ், அடுத்த வருட இன்க்ரிமென்ட் இருக்கும். டே கேர் செலவு சில வருடங்களில் குறையும். விட்டுப்போன அனுபவம் திரும்ப வராது. எது சரி என்பது, இன்னும் எத்தனை வருடத்துக்கு இந்த ஏற்பாடு தேவை என்பதைப் பொறுத்தது.

ஃப்ரீலான்ஸ் என்றால் மேலும் இரண்டு விஷயம். உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவுபெற்ற குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பில் இழுத்தடிக்கப்பட்டால் இது உதவும். கிளையன்ட் டி.டி.எஸ். பிடித்திருந்தால், வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்து உங்களுக்குச் சேர வேண்டியதைத் திரும்பப் பெறலாம்.

‘2 மணி நேரம், 40,000 ரூபாய்’ - இந்த லிங்க்கைத் தொட்டால்?

இதில் மூன்று வகை அதிகம் நடக்கின்றன.

*டாஸ்க் மோசடி:* வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய் என்று தொடங்கி, உண்மையிலேயே 150, 200 என்று அக்கவுன்ட்டில் போடுவார்கள். நம்பிக்கை வந்ததும் டெலிகிராம் குரூப்புக்கு மாற்றி, ‘பிரீபெய்ட் டாஸ்க்’ என்று பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணத்தை எடுக்க இன்னும் கட்ட வேண்டும் என்பார்கள்.

*டேட்டா என்ட்ரி மிரட்டல்:* வேலை தருவார்கள். முடித்து அனுப்பியதும் ‘நிறைய தவறு இருக்கிறது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்’ என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி அபராதம் கேட்பார்கள். பயந்து பணம் கட்டுபவர்களை நம்பித்தான் இந்த மோசடியே நடக்கிறது. கட்ட வேண்டாம்.

*அக்கவுன்ட் வாடகை:* ‘உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள்’ என்பார்கள். அது மோசடிப் பணமாக இருந்தால், போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

வேலை தருபவர் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.

வேலையில் சேரும் முன் வீட்டில் பேச வேண்டியது

வேலை கிடைத்த பிறகு பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கூரியர் வாங்குவது, கேஸ் சிலிண்டர், உறவினர் வருகை, மதியச் சமையல் எல்லாமே ‘வீட்லதானே இருக்க?’ என்ற ஒரு கேள்வியோடு அம்மாவிடம் வந்துவிடும். பகலில் போன அந்த நேரத்தை ஈடுகட்ட, இரவு 11 மணிக்கு லேப்டாப் மறுபடி திறக்கும்.

எனவே, சேரும் முன்பே கணவரோடும் வீட்டுப் பெரியவர்களோடும் உட்கார்ந்து, வேலை நேரத்தில் குழந்தை யார் பொறுப்பு என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்றால் அது உங்கள் மடியில்தான் வந்து விழும். கணவருக்கும் ஒர்க் ஃப்ரம் ஹோம் நாள்கள் இருந்தால், இருவரின் மீட்டிங் நேரத்தையும் ஒரே காலண்டரில் போட்டு, யாருக்கு எந்த ஸ்லாட் என்று பிரித்துக்கொள்ளலாம். குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாளில் யார் லீவ் போடுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அந்த நாள் முதல் மாதத்திலேயே வந்துவிடும்.