கடவாயில் முளைக்கும் கடைசிப் பல்

"பல்லு முளைக்கிற வலிதானே, ரெண்டு நாள்ல போயிரும்" என்று சொல்லி, ஒரு கிராம்பைக் கடவாயில் அடக்கிக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். ஒரு நாள் பேர் போய்விடுமே என்ற கவலை ஒருபக்கம். பல்லைப் பிடுங்கினால் என்ன ஆகுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டு மூன்று நாளில் வலி போய்விடுவதும் உண்மைதான். ஆனால் சில மாதம் கழித்து அதே இடத்தில், அதே வலி, முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வருகிறதே, ஏன்? அந்தப் பல்லைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

வளர்ந்த ஒருவருக்கு மொத்தம் 32 பற்கள். அவற்றில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கடவாயின் கோடியில் கடைசியாக முளைக்கும் நான்கையும் ஞானப்பற்கள் என்கிறோம். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் இவை தலைகாட்டும். புத்தி தெரிகிற வயதில் வருவதால் அந்தப் பெயர் வந்ததே தவிர, பல்லுக்குள் ஞானம் ஒன்றும் இல்லை. எடுத்துவிட்டால் பிள்ளையின் படிப்புக் குறைந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. சிலருக்கு இந்தப் பற்கள் முளைப்பதே கிடையாது. அதுவும் ஒரு குறையல்ல.

காலையில் கலஹாவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் கடைசியாக ஏறுகிறவரை நினைத்துப் பாருங்கள். நேராக நிற்க இடமிருக்காது. சாய்ந்து, முன்னால் நிற்பவர் மேல் முட்டிக்கொண்டுதான் வரவேண்டும். ஞானப்பல்லின் கதையும் அதுவே. மற்றப் பற்களெல்லாம் வரிசையாக இடம் பிடித்த பிறகு இது வருகிறது. தாடையில் மிச்ச இடம் போதாவிட்டால் முன்பக்கமாகச் சாய்ந்துகொள்ளும், அல்லது படுத்துக்கொள்ளும், அல்லது எலும்புக்குள்ளேயே நின்றுவிடும். முன்பக்கம் சாய்ந்து நிற்பதுதான் அதிகமாகக் காணப்படுவது. இப்படிச் சிக்கிக்கொண்ட பல்லை வைத்தியர்கள் புதைந்த ஞானப்பல் என்பார்கள். மேல் தாடையைவிடக் கீழ்த் தாடையிலேயே இதனால் தொந்தரவு அதிகம்.

வலி எங்கிருந்து வருகிறது?

பாதி வெளியே வந்து பாதி உள்ளே நிற்கும் பல்லின் மேல் ஈறு ஒரு மூடியைப் போலக் கிடக்கும். அந்த மூடிக்கு அடியில் சோற்றுப் பருக்கை, ரொட்டித் துணுக்கு, வெற்றிலைச் சக்கை எல்லாம் போய் அடைந்துவிடும். எவ்வளவு கொப்பளித்தாலும் முழுவதும் வெளியே வராது. பிரஷ்ஷும் அங்கே எட்டாது. உள்ளே கிருமி பெருகி ஈறு வீங்கும். வீங்கிய ஈறை மேல்பல் கடிக்கும். கடிக்கக் கடிக்க இன்னும் வீங்கும். காதுவரை வலிக்கும், வாய் நாறும், எச்சில் விழுங்க முடியாது, வாயையும் சரியாகத் திறக்க முடியாது.

டிஸ்பென்சரியில் காட்டினால் கிருமியை அடக்கக் குளிசை கொடுப்பார்கள். ஒரு கிளாஸ் இளஞ்சூடான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்வார்கள். இரண்டும் நல்லதுதான். குளிசையைச் சொன்ன நாள்வரை முழுவதும் எடுக்க வேண்டும். மெட்ரோனிடசோல் என்ற குளிசை தந்திருந்தால் அது முடிந்து இரண்டு நாள் போகும்வரை சாராயம், கசிப்பு எதையும் தொடக்கூடாது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். குளிசை கிருமியை அடக்குகிறது. பல்லும் அதன் மேலிருக்கிற மூடியும் அப்படியேதான் இருக்கின்றன. அதனால்தான் வலி திரும்ப வருகிறது. ஒருமுறை கடுமையாக வந்தாலோ, இரண்டாம் தடவை வந்தாலோ, பல்லையே எடுத்துவிடுவது பற்றிப் பல் வைத்தியரிடம் பேசவேண்டிய நேரம் அது.

எல்லோரும் எடுக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை. நேராக முளைத்து, சுத்தமாக வைத்துக்கொள்ள முடிகிற ஞானப்பல்லை யாரும் தொட வேண்டாம். நோயில்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே பிடுங்குவதை நிறுத்தும்படி இங்கிலாந்தில் அரசாங்க ஆலோசனைக் குழுவே 2000ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அடிக்கடி வீங்குவது, சொத்தை விழுவது, முன்னால் இருக்கும் நல்ல பல்லை முட்டி அதையும் சொத்தையாக்குவது, வேரைச் சுற்றி நீர்க்கட்டி வருவது போன்ற காரணம் இருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும்.

இரவென்றாலும் காத்திருக்கக்கூடாத நேரம்

கீழ் ஞானப்பல்லின் வேர் நாக்குக்கு அடிப்பக்கத்திலும் தொண்டைக்குப் பக்கத்திலும் இருக்கிறது. அங்கே பிடித்த சீழ் சில பேருக்குக் கன்னத்தோடு நிற்காமல் நாக்கின் அடிக்கும் கழுத்துக்கும் இறங்கிவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் என்ற வைத்தியர் 1836இல் இதை விவரித்து எழுதியதால் இன்றைக்கும் அவர் பெயராலேயே இந்த நோயைச் சொல்கிறார்கள். நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுக்குழாய் அடைபட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. பல்வலியில் ஆள் சாவார்களா என்று சிரிக்க வேண்டாம். நல்ல மருந்து இல்லாத காலத்தில் இந்த நோய் வந்தவர்கள் பலர் பிழைக்கவில்லை.

தாடைக்கு அடியில் மரக்கட்டை மாதிரி இறுகி வீங்குவது, நாக்கு தடித்துப் பேச்சுக் குழறுவது, எச்சிலை விழுங்க முடியாமல் வாயால் வடிவது, மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தே மூச்சுவிடுவது, காய்ச்சலும் நடுக்கமும். இவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்டால் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயத்துக்கு ஏறிவர ரோட்டு சரியில்லையென்றால் நோயாளியை உட்காரவைத்தபடியே மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து நிற்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்க வேண்டாம்.

கன்னத்தில் சூடு ஒத்தடம் கொடுத்துச் சீழை "பழுக்க வைக்கிற" வழக்கமும் நம்மிடம் உண்டு. அது வேண்டாம், சீழ் உடைந்து வெளியே கன்னத்தில் வடுவாகிவிடலாம். அஸ்பிரின் குளிசையைப் பொடித்து ஈறில் அடைத்தால் ஈறு வெந்துபோகும். கிராம்பு கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். புகை பிடித்துப் 'பல் புழு' எடுக்கிறோம் என்று வருகிறவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். பல்லில் புழு கிடையாது. பெனடோல் போடலாம், ஆனால் பெரியவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு எட்டு என்ற கணக்கைத் தாண்டவே கூடாது. மெலிந்தவர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் அதைவிடக் குறைவாக, வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

வெற்றிலை போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். சாதாரணமாகப் போகவேண்டும். ஞானப்பல் வீங்கும்போது திடீரென வாய் திறக்க முடியாமல் போய், வீக்கம் வற்றியதும் சரியாகிவிடும். ஆனால் வலியே இல்லாமல், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வாய் சுருங்கி, உறைப்புச் சாப்பிட்டால் எரிகிறதென்றால் அது ஞானப்பல் இல்லை. பாக்கினால் கன்னத்து உள்சதை இறுகும் நோய் அது. புற்றுநோய்க்கு அது முன்வாசல். மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலும் அப்படியே. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். "கடவாப்பல்லு வலி" என்று சொல்லிக்கொண்டு அதை மறைத்து வைக்காதீர்கள்.

எங்கே போவது?

பல்லுக்காக மாளிகையே கட்டி வைத்திருக்கிற ஊர் கண்டி. பல் வைத்தியத்திலும் நாட்டுக்கே மூத்த இடம் பக்கத்திலுள்ள பேராதனைதான். 1943இல் கொழும்பில் தொடங்கிய பல் வைத்தியப் படிப்பு 1950களில் பேராதனைக்கு வந்தது. நெடுங்காலம் நாட்டில் இருந்த ஒரே பல் வைத்திய பீடம் அது. அதோடு இணைந்த போதனா பல் வைத்தியசாலையின் இப்போதைய கட்டடத் தொகுதி ஜப்பான் நாட்டு உதவியோடு 1998இல் அமைந்தது. தாடை, முகச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அங்கே இருக்கிறார்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் இந்தப் பிரிவு உண்டு. கம்பளை, நாவலப்பிட்டி வைத்தியசாலைகளில் பல் வைத்தியர்கள் முதலில் பார்த்து, தேவைப்பட்டால் துண்டு எழுதிப் பேராதனைக்கு அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலை என்பதால் வைத்தியத்துக்குக் காசு கட்டத் தேவையில்லை. பஸ் செலவும் ஒரு நாளும்தான் நமக்குப் போகும்.

புசல்லாவை, கம்பளைப் பக்கத்தவர்களும் தெல்தோட்டை, கலஹாப் பக்கத்தவர்களும் பேராதனையிலேயே இறங்கிக்கொள்ளலாம். பன்விலை, மடுல்கலை, ரங்கலையிலிருந்து வருகிறவர்கள் கண்டிக்கு வந்து வேறு பஸ் ஏற வேண்டும். கண்டக்டரிடம் 'தந்த ரோஹல' என்று சிங்களத்தில் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். காலையில் நேரத்தோடு போய்த் துண்டு எடுங்கள். சிங்களம் சரளமாக வராதவர்கள் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போனால் நல்லது. தமிழ் தெரிந்த வைத்தியர் இருக்கிறாரா என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். போதனா வைத்தியசாலை என்பதால் மாணவர்களும் சுற்றி நிற்பார்கள். மூத்த வைத்தியர்களின் கண்காணிப்பில்தான் அவர்கள் எதையும் செய்வார்கள்.

முதல் நாளிலேயே வெட்டிவிட மாட்டார்கள். வீக்கம் இருந்தால் அதை அடக்கிவிட்டு, தலையைச் சுற்றிவந்து படம் எடுக்கும் பெரிய எக்ஸ்ரே எடுத்து, திகதி கொடுப்பார்கள். பிரஷர், சீனி வருத்தம், இருதய வருத்தம், வலிப்பு, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் குளிசை, கர்ப்பம் எதுவானாலும் சொல்லிவிட வேண்டும். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். விறைப்பூசியோடு செய்வதென்றால் சாப்பிட்டுவிட்டே போகவேண்டும். முழு மயக்கம் கொடுப்பதென்றால் சாப்பிடக்கூடாது. திகதி தரும்போதே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்திரசிகிச்சையில் என்ன நடக்கும்?

பெரும்பாலானவர்களுக்கு விறைப்பூசி மட்டும் போதும். ஊசி குத்தும் நேரம் சுருக்கென்று வலிக்கும். பத்து நிமிடத்தில் உதடும் நாக்கும் அந்தப் பக்கம் மரத்துவிடும். பிறகு ஈறைக் கீறி விலக்கி, பல்லை மூடியிருக்கும் எலும்பில் கொஞ்சத்தைச் சிறிய இயந்திரத்தால் தண்ணீர் விட்டுக்கொண்டே அகற்றுவார்கள். முட்டிக்கொண்டிருக்கும் பல்லை அப்படியே இழுத்தால் வராது. அதனால் இரண்டு மூன்று துண்டாக்கி எடுப்பார்கள். கடைசியில் தையல். அழுத்துவதும், இயந்திரச் சத்தமும் தெரியும், வலி தெரியக்கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் ஊசி போடுவார்கள். அநேகமாக அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

"மேல்பல்ல புடுங்குனா கண்ணு போயிரும்" என்கிறார்கள். கண் நரம்பு கண்ணிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது, பல் பக்கம் வருவதே இல்லை. உண்மையில் கவனிக்க வேண்டிய நரம்பு வேறு. கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அடியாலும், நாக்குக்குப் போகும் நரம்பு பக்கத்தாலும் ஓடுகின்றன. சிலருக்குச் சிகிச்சைக்குப் பிறகு உதடோ நாக்கோ சில வாரம், சில மாதம் மரத்தபடி இருக்கலாம். நிரந்தரமாக அப்படியே நின்றுவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. எக்ஸ்ரே எடுப்பதே முக்கியமாக அந்த நரம்பைப் பார்க்கத்தான். கையெழுத்து வாங்கும் முன் "என் பல்லு நரம்புக்குக் கிட்டவா இருக்கு?" என்று கேட்பது உங்கள் உரிமை.

வீட்டுக்கு வந்த பிறகு

பஞ்சை ஒரு மணி நேரம் இறுக்கிக் கடித்திருங்கள். எச்சிலில் கொஞ்சம் சிவப்புக் கலந்து வருவதற்குப் பயப்பட வேண்டாம். நிற்காமல் வழிந்தால் சுத்தமான துணியை மடித்துக் கடித்துக்கொண்டு திரும்பப் போகவேண்டும். அன்றைக்குக் கொப்பளிக்கவும் காறித் துப்பவும் கூடாது, குழியில் உறைந்த இரத்தம்தான் அங்கே மருந்து. அடுத்த நாளிலிருந்து உப்புத் தண்ணீர். கஞ்சி, நன்றாகக் குழைத்த சோறு, ஆறிய தேத்தண்ணி போதும். கன்னம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் அதிகம் வீங்கும், பிறகு வற்றும்.

வெற்றிலை, சுருட்டு, சிகரட், சாராயம் ஒரு வாரத்துக்கு வேண்டவே வேண்டாம். கொழுந்து பறிக்கிறவர்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, குனிந்து நிமிர்ந்து மேடு ஏறினால் இரத்தம் திரும்பக் கசியலாம். மூன்று நான்கு நாளாவது மலைக்குப் போகாமலிருக்க வேண்டும். அதற்கான மெடிக்கல் சர்ட்டிபிக்கட்டை அங்கேயே கேட்டு வாங்கி, தோட்டத்து ஆபீசில் கொடுங்கள். வீட்டில் இருக்கும் ஆண்கள் அந்த நான்கு நாளும் தண்ணீர், விறகு தூக்குவதைப் பார்த்துக்கொண்டால் அம்மாவின் தையல் பிரியாது.

மூன்றாம் நாள், நான்காம் நாள் வலி குறையாமல் கூடி, காதுக்கு இழுத்து, வாய் நாறினால் குழியில் உறைந்த இரத்தம் கழன்றுவிட்டது என்று அர்த்தம். இது புகைக்கிறவர்களுக்கு அதிகம் வரும். ஆபத்தில்லை, ஆனால் வலி பொறுக்க முடியாது. வைத்தியசாலைக்குப் போனால் கழுவி மருந்து வைத்துவிடுவார்கள், பெரும்பாலும் அன்றைக்கே சுகம் தெரியும். தையல் பிரிக்க ஒரு வாரத்தில் வரச் சொல்வார்கள். தானாகக் கரையும் நூல் போட்டிருந்தால் அதற்கென்று போக வேண்டியதில்லை. எந்த நூல் என்று கேட்டுக்கொண்டு வந்தால் ஒரு பஸ் செலவு மிச்சம்.